சரளைத் தடம்

படகு எங்களைக் கரையில் இறக்கிவிட்டபோது காலை ஏழு.
ஏரியின் மேல் இன்னும் ஆவி.
கில்லியன் என் டயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.
"காற்றைக் குறை, சுகிர்தா.
இறுகிய டயர் சரளையில் துள்ளும்,
தளர்ந்தது கல்லைத் தழுவிக்கொண்டு போகும்."
நம்பக் கடினமாயிருந்தது.
நான் பதினெட்டுச் சக்கர லொறி ஓட்டுகிறவள்.
காற்றுக் குறைந்தால்
வீதியோரம் மூன்று மணி நேரம்,
மேலே அபராதம்.

கிரே க்ரீக் கணவாய் என்று சொன்னதற்கு
அக்கா போனில் கேட்டாள்:
"கணவாயோ? கறியோ, பொரியலோ?"
கடற்கரையில் பிறந்தவர்களுக்குக்
கணவாய் முதலில் மை கக்கும்,
பத்துக் கை வைத்திருக்கும்.
மலைக்கு நடுவே வழி விடுவது இரண்டாவது அர்த்தம்,
புவியியல் பாடத்தில்
கீறிட்ட இடத்தை நிரப்ப வந்தது.

தார் சட்டென்று முடிந்தது.
பிறகு ஏற்றம்.
வாழ்க்கையில் ஏற்றம் பெற என்று வாழ்த்துகிறவர்கள்
ஒருவரும் இதில் சைக்கிள் மிதித்ததில்லை.
லொறியில் எட்டு வீதச் சரிவு என்றால்
ஒரு மஞ்சள் பலகை, ஒரு கியர், ஒரு மிடறு கோப்பி.
இங்கே ஒவ்வொரு வீதத்தையும்
தொடை தனித்தனியாக எண்ணியது.
பன்னிரண்டில் பின்சக்கரம் கல்லை உதைத்து
நின்ற இடத்திலேயே சுழன்றது.
இறங்கினேன். தள்ளினேன்.
குதிரை ஈ ஒன்று கழுத்தைக் கடித்தது,
கை எடுத்தால் சைக்கிள் கீழே போகும்,
கடிக்க விட்டேன்.

கில்லியன் வளைவுகளில் காத்திருந்தாள்,
எனக்காக நிற்பவள் போல இல்லாமல்,
ஏதோ செடியைப் பார்ப்பவள் போல.
அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

அவளுக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு.
நாலு வருடத்துக்கு முன்,
இங்கிருந்து தெற்கே நெடுஞ்சாலையில்,
பலகை ஏற்றிய வண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன்.
முதலில் பிரேக் மணத்தது.
பிறகு புகைந்தது.
மிதித்தேன்; மிதி இருந்தது,
நிற்பது இல்லை.
பிரேக் போன லொறிகளுக்கென்று
வலப்பக்கம் மேல்நோக்கி ஒரு தடம் வைத்திருப்பார்கள்,
முழங்கால் ஆழம் சரளை.
எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன்,
ஆருக்கோ வெட்டிய இடம் போல.
அன்று திருப்பினேன்.
கல் டயரைப் பிடித்தது, அச்சைப் பிடித்தது,
நாற்பது தொன்னையும் இழுத்து
அப்படியே இருத்தியது.
இயந்திரம் அடங்கின பிறகும்
வானொலியில் ஒருவன் வானிலை வாசித்துக்கொண்டிருந்தான்:
நாளை தெளிவான வானம்.

உச்சியில் ஒன்றுமில்லை.
ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பலகை,
மேலே போகும் மின்கம்பி, பல்லில் படும் காற்று.
லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.
உப்புக் கச்சானைப் பிரித்துத் தின்றோம்.
படம் எடுக்கவில்லை, விரல் மடங்கவில்லை.

இறக்கத்தில்தான் அந்த மணம் மறுபடி வந்தது.
ஐந்தாவது வளைவா, ஆறாவதா,
சூடான இரும்பு, கருகிய ஏதோ.
இவ்வளவு சின்னப் பிரேக்குக்கும் அதே மணம்.
"பிரேக்கை விடு, தூரத்தைப் பார்!" என்று முன்னாலிருந்து கில்லியன்.
நான் தூரத்தைப் பார்க்கவில்லை.
வீதியைச் சமன் செய்த இயந்திரம்
ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போன
நீளமான சரளை வரம்பைப் பார்த்தேன்.
திருப்பினேன்.

அவள் திரும்பி மேலே ஏறி ஓடி வந்தபோது
நான் கல்லுக்குள் மல்லாந்து கிடந்து
சிரித்துக்கொண்டிருந்தேன்.
உள்ளங்கையில் ஏழெட்டுச் சிறு கல் பதிந்து இரத்தம்.
"விழுந்திட்டியா?"
"இல்லை, நிறுத்தினேன்."
அவளுக்கு விளங்கவில்லை.
தண்ணீர் ஊற்றிக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

கீழே பள்ளத்தாக்கில் ஆறு எங்களோடு சேர்ந்துகொண்டது.
கிம்பர்லி இன்னும் வெகு தூரம்.
எதிரே மரம் ஏற்றும் லொறியொன்று, வெறுமையாக,
ஏறி வந்தது.
ஓரம் ஒதுங்கினோம்.
சாரதி வளையத்திலிருந்து இரண்டு விரல் தூக்கினான்,
லொறிக்காரர் லொறிக்காரருக்குத் தூக்குவது போல.
நானும் கைபிடியிலிருந்து இரண்டு விரல் தூக்கினேன்.
அவனுக்குத் தெரியாது.
புழுதி எங்களை மூடிப் போனது,
நெடுநேரம் இருமினோம்.